ஜெனரேட்டர் அறைக்கு அடியில் மூன்று குட்டிகள்

மார்ச் 4
வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது போதும். குடியிருப்புக்குள் நரி நடமாடுகிறது. ‘உடனே அகற்றவும்’ என்று குடியிருப்போர் சங்கத்தின் புகார்ப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டேன். பதினோரு வருடம் நான் வகித்த செயலாளர் பதவி. ஒரே கூட்டத்தில் என்னை இறக்கிவிட்டு ஏறிய புதிய செயலாளர் பதில் சொல்லட்டும்.

மார்ச் 6
பதில் இல்லை.

மார்ச் 9
காலை ஆறு மணி, சமையலறை ஜன்னல். எந்த மிருகத்தாலும் திறக்க முடியாது என்று செயலாளர் பீற்றிக்கொண்ட குப்பைத்தொட்டி. நரி வந்தது, மூடியைத் திறக்கும் மிதியை முன்காலால் அழுத்தியது, மூடி எழும்பியதும் தலையை நுழைத்தது. மூன்றாம் மாடிக்காரருக்கு இன்னும் பிடிபடாத வித்தை. கவ்வியதை ஜெனரேட்டர் அறைக்கு அடியில் கொண்டுபோனது. அங்கே மூன்று குட்டிகள்.

மனைவிக்கு ஒரு மாதமாகத் தெரியுமாம். “உங்ககிட்ட சொன்னா புகார் எழுதுவீங்க.”

மார்ச் 11
படிக்கட்டில் செயலாளர் மறித்தார். “சார், உங்க புகாருக்கு வழி பண்ணியாச்சு. இருபத்தொண்ணாம் தேதி தொட்டிக்குள்ள விஷம் கலந்த கறி வைக்கிறோம். திருப்திதானே?”

குட்டிகள் இருக்கின்றன என்றேன்.

“நீங்கதானே உடனேன்னு எழுதினீங்க? படிச்சவர் பேச்சை மீற முடியுமா?”

சிரித்தார். நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மார்ச் 12
புகாரைத் திரும்ப வாங்கிடலாம். வாங்கினா அந்த ஆள் மாடி மாடியா சொல்லிச் சிரிப்பான். சிரிச்சா என்ன, என் தலையா போயிடும்? — எனக்குள் இப்படி வாதாடிக்கொண்டே செயலாளர் வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே பேச்சுச் சத்தம். அழைப்புமணியில் விரல் வைத்தவன் திரும்பிவிட்டேன்.

“நரி இடம் போனா என்ன, வலம் போனா என்ன, மேல விழுந்து புடுங்காம போனா சரின்னு விட்டிருக்கலாம்” என்றாள் மனைவி. அவள் சாப்பிடவில்லை.

மார்ச் 14
வனவிலங்குத் துறைக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்துவிட்டேன்: இடம், குட்டிகள், விஷம் வைக்கும் தேதி. மனைவி எடுத்த புகைப்படமும் உள்ளே.

“பேர் இல்லாத கடுதாசிய மதிப்பாங்களா?”

தெரியவில்லை. பெயர் போட்டால் விசாரணைக்கு வருபவரிடம் செயலாளர் புகார்ப் புத்தகத்தை விரித்துக் காட்டுவார். அதைத் தாங்கும் தைரியம் எனக்கு இல்லை. அதை இங்கே எழுதியாவது வைத்துக்கொள்கிறேன்.

இன்று காலையும் அது வந்து மிதியை அழுத்தியது. இன்னும் ஏழு நாள். முதல் தபால் எடுப்பது ஒன்பது மணிக்கு. கையொப்பம் இல்லாமலே போட்டுவிடுகிறேன்.