ஈரப் பெருவிரல்

ராத்தா,

உங்கள் மேசையில் இருந்த உப்புத் தண்ணீர்க் கிண்ணம் வற்றிப் போயிருந்தது. அடியில் வெள்ளையாய் உப்புப் படிந்திருந்தது. இன்று காலை யன்னலைத் திறந்தபோது கிண்ணத்திலிருந்து பாசி மணம் வந்தது. போன மாரியில் நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு அந்தக் கிண்ணத்தை நான் கழுவவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை. அதற்குக் காரணம் அன்பு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு கிழமையாக எனக்கு உங்கள் மேல் சந்தேகம் இருந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாம் இருவரும் சேர்ந்து நடத்திய இந்த மேல்மாடி அறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கிண்ணத்தைப் பற்றித்தான். கைபேசிச் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிற இடத்தில் கடல் தண்ணீருக்கு என்ன வேலை? கிண்ணியாவிலிருந்து வருகிற நீங்கள், அறைக்கு ஏறுமுன் டச்பே கடற்கரைப் பக்கம் போய் ஒரு சோடாப் போத்தலில் அதைப் பிடித்து வருவீர்கள். நான் ஒரு பொத்தானை வரைந்து, நிறம் கொடுத்து, நிழல் கொடுத்து, பெருமையோடு கைபேசியை நீட்டுவேன். நீங்கள் அதன் அழகைப் பார்க்க மாட்டீர்கள். பெருவிரலைக் கிண்ணத்தில் தோய்த்துவிட்டுத்தான் அழுத்துவீர்கள். ஈரம் பட்டதும் திரைக்குக் கிறுக்குப் பிடிக்கும். ஒன்றை அழுத்தினால் வேறொன்று திறக்கும்.

"காஞ்ச கையால அழுத்திப் பாக்கிறது ஏசி அறைக்காரருக்கு. நமக்கு, கடல்கரை ஆக்களுக்கு, அது ஏலாது புள்ள" என்பீர்கள்.

என் சந்தேகம் வேறு வகை. இலவசம் என்று சொல்லி வருகிற எந்தக் கருவியையும் நான் வாசலில் நிறுத்தி விசாரிப்பேன். ஒரு எழுத்துருவைத் தரவிறக்க என் தொலைபேசி இலக்கம் எதற்கு? படம் வெட்டுகிற செயலிக்கு என் ஒலிவாங்கியில் என்ன அலுவல்? நிபந்தனைகளைக் கடைசி வரி வரை நான் வாசிப்பதைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள். "உங்கள பொம்பிள பாக்க வந்த மனிசன் பாவம். அவரிட்டயும் நிபந்தனை கேட்டிருப்பீங்க."

"கேட்டனான்" என்றேன் ஒருநாள். அன்று நீங்கள் சிரித்த சிரிப்பில் கிண்ணத்துத் தண்ணீர் மேசையில் சிந்தியது.

'கரை' செயலியை நாம் செய்தது அந்தக் காலத்தில்தான். கடலுக்குப் போகிறவர் 'போறன்' என்று அழுத்த வேண்டும், திரும்பியதும் 'வந்திட்டன்'. இடையில் ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தான். வீட்டில் இருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் சொந்த இடமான சல்லி என்ற மீனவர் ஊரில்தான் முதலில் கொடுத்துப் பார்த்தோம். முதல் வடிவத்தில் ஒரு வரைபடமும் ஒரு கேள்வியும் இருந்தன: எந்தப் பக்கம் போறீங்கள்?

மறுநாள் திரையைத் திறந்தால் சல்லி வள்ளங்கள் எல்லாம் கடலுக்குள் நீட்டி நிற்கிற சுவாமிமலைப் பாறைக்கு நேர் முன்னால் ஒரே புள்ளியில் நின்றன. என் அண்ணனின் வள்ளமும் அங்கேதான். "இவ்வளவு வள்ளமும் ஒரே இடத்தில நிண்டா மலையே சரிஞ்சிரும்" என்று நீங்கள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தீர்கள். நான் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன், உண்மையாகவே அங்கேயா நின்றீர்கள் என்று.

"மீன் படுற இடத்த உன்ர அண்ணிக்கே நான் சொன்னதில்ல. போனுக்குச் சொல்லுவனோ?" என்றார் அண்ணன்.

அவர் சொன்னதைக் கேட்டதும் உங்கள் சிரிப்பு நின்றது. கடற்காரருக்கு அந்த இடம்தான் சொத்து. வெளியே தெரிந்தால் பெரிய படகுகள் வந்து ஒரே வளைப்பில் அள்ளிக்கொண்டு போய்விடும். "ஆக்கள பொய் சொல்ல வைக்கிற கேள்விய ஸ்கிரீன்ல வைக்கக் கூடாது" என்று அந்தக் கேள்வியை நீங்களே அழித்தீர்கள். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மட்டும் இடம் தெரியும், ஆள் கரைக்கு வந்ததும் அது மறைந்துவிடும் என்று வைத்தோம். அதற்குப் பிறகுதான் சல்லி நம்மை நம்பத் தொடங்கியது.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். கொழும்பில் ஒரு நிறுவனம் 'கரை'யைத் தங்கள் பெரிய செயலிக்குள் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றைக் கொண்டு ஒரே பின்னேரத்தில் புது வடிவம் செய்து அனுப்பியிருக்கிறார்கள். நாம் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியதை அது ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டது. பொறாமையை விட்டுச் சொன்னால், அழகாக இருக்கிறது. தமிழில் ஒரு பிழை இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. முதல் திரையில் ஒரு கேள்வி: 'உங்கள் பயணத்தைப் பாதுகாப்பாகப் பகிர அனுமதிக்கிறீர்களா?' கீழே அகலமாய், பச்சையாய் 'ஓம்'. அதோடு ஒட்டிக்கொண்டு, சாம்பல் நிறத்தில், எறும்பளவு எழுத்தில் 'இப்போது வேண்டாம்'. நிபந்தனைகளை வாசித்தேன். ஓம் என்றால் வள்ளம் போகிற வழி முழுவதும் பதிவாகும், அழியாது. அதே நிறுவனம் பெரிய படகுக்காரருக்கும் ஒரு செயலி செய்கிறது என்பதையும் தேடிப் பிடித்தேன்.

ஏலாது என்று சொல்லத்தான் அந்த நிறுவனத்தில் இதைக் கவனிக்கிற தம்பி ஒருவருக்கு அழைப்பு எடுத்தேன். அவர் மிகவும் மரியாதையான பிள்ளை. மரியாதை கூடினால் எனக்குக் காது நிமிரும்.

"அக்கா, ராத்தா மாரிக்கு முதலே ஓம் சொல்லிட்டாங்க. அப்பவே அவங்களுக்கு அனுப்பின இதே மாதிரிச் செயலியில அவங்கட போனிலயிருந்து ஓம் அழுத்தியிருக்கு. அத சேர்க்கிறதுக்குச் சம்மதம் எண்டு பதிஞ்சிருக்கிறம். நீங்க ஒராள்தான் மிச்சம்."

நம்பவில்லை என்று எழுத ஆசை. ஆனால் நம்பினேன் ராத்தா. அன்று முதல் உங்கள் கடைசி நாட்களைக் கிளறிக் கிளறிப் பார்த்தேன். படியில் நின்று தாழ்ந்த குரலில் கதைத்தீர்கள். நான் வந்தால் கைபேசியைக் கவிழ்த்து வைத்தீர்கள். என்ன என்று கேட்டால், "ஒண்டுமில்ல புள்ள." அது வைத்தியரோடு கதைத்த கதை என்று உங்களை அடக்கிய அன்று ஜனாஸா வீட்டில் உங்கள் மகள் எனக்குச் சொன்னாள். ஆனாலும் சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்தால் மகளின் சொல்லையும் தட்டிப் பார்க்கிறது. எல்லா அழைப்பும் வைத்தியருக்குத்தானா என்று கேட்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. சல்லிக்குப் போய் அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உங்களை நம்பித்தானே அவர்கள் அந்தச் செயலியைக் கைபேசிக்குள் விட்டார்கள்?

இன்று காலை அந்தப் பாசி மணம் வந்தபோது, கோபத்தில்தான் கிண்ணத்தைத் தூக்கினேன். கழுவிக் கவிழ்த்து இந்தக் கணக்கை முடிப்போம் என்று குழாயடிக்குப் போனேன். தண்ணீர் விட்டதும் உப்புக் கரைந்தது. என் பெருவிரல் பழக்கத்தில் தானாக அதற்குள் போயிற்று. ஈர விரலோடு மேசைக்கு வந்து, கொழும்பிலிருந்து வந்த மாதிரியைத் திறந்து, 'இப்போது வேண்டாம்' என்பதை அழுத்தினேன்.

'நன்றி! உங்கள் அனுமதி பதிவாகியது' என்றது திரை.

திரும்பத் திறந்து அழுத்தினேன். மறுபடியும் நன்றி. விரலைச் சரித்து, நுனியால், நகத்தால் எல்லாம் பார்த்தேன். ஈரம் பரவி, பக்கத்தில் இருக்கும் பச்சைக்கே எல்லாம் போய்ச் சேர்ந்தது. சட்டையில் விரலைத் துடைத்துவிட்டு அழுத்தினேன். 'வேண்டாம்' உடனே வேலை செய்தது.

அப்போதுதான் அந்த மதியம் ஞாபகம் வந்தது. மழைக்கு முந்திய புழுக்கம். நீங்கள் இந்த மேசையில் இருந்து கைபேசியைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். "கண்டறியாத சாமான், சொன்னது கேக்குதில்ல" என்று துப்பட்டாவில் விரலைத் துடைத்தீர்கள். யாரோடு கோபம் என்று நான் கேட்கவும் இல்லை. நீங்கள் எதையும் காய்ந்த கையால் அழுத்துகிறவர் இல்லையே! வேண்டாம் என்று அழுத்தியிருக்கிறீர்கள். அவர்கள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்கள். கதிரையில் இருந்து வாய்விட்டு அழுதேன். மௌத்து வீட்டில்கூட அப்படி அழவில்லை.

அழுது முடிந்ததும் தம்பிக்கு அழைப்பு எடுத்தேன்.

"கையத் துடைச்சிட்டு அழுத்திப் பாருங்க அக்கா."

"கடலுக்க நிக்கிறவன் எதில துடைக்கிறது தம்பி?"

"அது செயலியில ஒரு சின்ன பக் அக்கா, அடுத்த முறை சரி செய்யிறம்."

"ஓம் எண்ட பொத்தானில மட்டும் ஏன் அந்த பக் இல்ல?"

ராத்தாவின் சம்மதம் பதிவில் இருக்கிறதே என்று இழுத்தார். "அது அவவின்ர ஓம் இல்ல, தண்ணியின்ர ஓம். எங்கட செயலி எங்களோடயே இருக்கட்டும்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டேன். அவர்கள் சும்மா இருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. இனி நான் ஒருத்தியாகத்தான் 'கரை'யைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்ப்பேன்.

பின்னேரம் சல்லிக்குப் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் சந்தேகத்தையும் சேர்த்து. வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "அவ எங்கட கடலக் காட்டிக் குடுப்பாவோ? உனக்கென்ன விசரோ?" மனைவிக்கே இடம் சொல்லாத மனிதர் ராத்தா. உங்களை அவர் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

இதை எழுதும்போது கணினி அடுத்த சொல்லைத் தானே எடுத்து நீட்டியது. 'உங்கள்' என்றால் 'ஆன்மா சாந்தியடைய' என்கிறது. அந்த வசதியை அணைத்துவிட்டேன்.

வருகிற வழியில் டச்பேயில் இறங்கிப் போத்தலில் தண்ணீர் பிடித்து வந்தேன். கிண்ணத்தைக் கழுவவில்லை. காலையில் கரைந்த உங்கள் உப்பு இன்னும் அதில் இருக்கிறது. அதன் மேலேயே ஊற்றினேன். உங்களைச் சந்தேகித்த இரண்டு கிழமையும் என் விரல் காய்ந்துதான் இருந்தது ராத்தா. இனி ஒரு திரையை நம்ப முதலும், ஒரு மனுசியைச் சந்தேகிக்க முதலும், விரலை நனைத்துக்கொள்வேன்.