முதல் வரியில் சுகம்

ஜனவரி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் இங்கே சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். கடிதத்தின் முதல் வரி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மாலை வகுப்பு டீச்சர் சொல்லிக் கொடுத்தார்.

இது என் கையெழுத்துதான். நம்புங்கள். உங்கள் மனைவி எழுதித் தரவில்லை, பக்கத்தில் நின்று சிரிக்க மட்டும் செய்கிறாள். "அப்பா, நீங்க முடிக்கிறதுக்குள்ள அவரே நேர்ல வந்துடுவாரு" என்கிறாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டிப்போவில் ஆயுசு முழுக்க பஸ் கழுவினேன். எந்த பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று நேற்றுதான் தெரிந்தது. ஸ்டாண்டில் நின்று பலகைகளை வாய்விட்டுப் படித்தேன். ஒரு கண்டக்டர், "பெருசு, ஏறுறியா இல்லையா?" என்றான். "இரு, படிச்சு முடிச்சுக்கறேன்" என்றேன்.

உங்கள் படைவீரர் உதவித்தொகை மேல்முறையீடு என்ன ஆயிற்று? மகளிடம் கேட்டால் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள். பேத்தி சுண்டெலிக்குக் கைக்கட்டு பிரித்தாயிற்று. கை நன்றாக மடங்குகிறது, மறுபடி சுவர் ஏறுகிறாள். அதையே நினைத்துக்கொண்டு நீங்கள் வேறு ஊரில் தனி அறையில் கிடக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மாமா
(இதுவும் நானே போட்டது)


ஜனவரி 21

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். உங்கள் எழுத்தைப் பார்த்து வெகு நாள் கழித்துச் சிரித்தேன். உங்கள் 'ழ' எல்லாம் சுண்டெலியோடு சேர்ந்து சுவர் ஏறுகிற மாதிரி இருக்கிறது.

உதவித்தொகையை மறுத்த காரணம் காகிதத்தில் வந்துவிட்டது. மருத்துவக் குழுவில் டாக்டர், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். நான் விறைப்பாக நின்று, "நல்லா இருக்கேன், சார்!" என்றேன். படையில் அதிகாரி கேட்டால் வேறு பதிலே கிடையாது, மாமா. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு அதைத்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஷூவுக்குப் பாலீஷ் வேறு போட்டிருந்தேன். அவர் எழுதிவிட்டார்: 'நேர்த்தியான தோற்றம். தெளிவான பேச்சு. குறை எதுவும் சொல்லவில்லை.'

மேல்முறையீட்டு விசாரணை பிப்ரவரி 18, நான்காவது மாடியில். இதற்கு மேல் முறையிட இடமில்லை என்கிறார் வக்கீல். என் பதற்றம் படைப் பணியால் வந்தது என்று அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் சிகிச்சை கிடைக்கும். சிகிச்சை இல்லாமல் வீட்டுக்கு வர எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் அங்கே போய் நின்றாலும் என் வாய் அதையேதான் சொல்லும். போகாமலே இருந்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

மற்றபடி நலம்.

உங்கள் மாப்பிள்ளை


ஜனவரி 30

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். உங்கள் கடிதத்தை நானே படித்தேன். ஒரு முழுச் சாயங்காலம் ஆயிற்று. முதல் வரியில் நலம். கடைசி வரியிலும் நலம். நடுவில் மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேடினேன், ஓர் இடத்திலும் நலம் இல்லையே?

டாக்டருக்குச் சொன்னதையே எனக்கும் சொல்கிறீர்கள். நான் என்ன அதிகாரியா? பஸ் கழுவினவன்.

ஒன்று செய்யுங்கள். அங்கே சொல்ல வேண்டியதை முதலில் எனக்கு எழுதிப் பாருங்கள். நான் மெதுவாகத்தான் படிப்பேன். குறுக்கே பேச மாட்டேன்.

மகள் குக்கரைப் பரண்மேல் போட்டுவிட்டாள். எல்லாம் திறந்த பாத்திரத்தில்தான் வேகிறது. "விசில் இல்லாம ஒரு கணக்கும் புரியல" என்று புலம்புகிறாள், ஆனால் கீழே இறக்கவில்லை.

பதினெட்டாம் தேதி நான் வருகிறேன். துணைக்கு ஆள் வேண்டாம். பலகை படிக்கத் தெரியும்.

உங்கள் மாமா


பிப்ரவரி 8

மாமா,

நான் நலமாக இல்லை.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன்.

கட்டிலைக் கதவுக்கு எதிரே போட்டிருக்கிறேன். கீழே டயர் கடை. டியூப் வெடித்தால் நான் கட்டிலுக்கு அடியில் இருப்பேன், எப்படிப் போனேன் என்று தெரியாது. கடைக்காரர் நல்லவர். இப்போதெல்லாம் காற்றடிக்கும் முன்பு, "அண்ணே, சத்தம் வரும்!" என்று குரல் கொடுக்கிறார். அந்தக் குரலுக்கும் வியர்க்கிறது.

அன்று குக்கர் கூவியபோது சுண்டெலியைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். அவள்மேல் விழுந்து மூடிக்கொண்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, மாமா. அவள் அழுதது கேட்கவில்லை. இதை உங்கள் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

விசாரணையில் முன்பின் தெரியாத மூன்று பேருக்கு முன்னால் இதை எப்படிச் சொல்வது?

வாருங்கள். எனக்குப் பின்னால் உட்காருங்கள். கதவுக்கும் எனக்கும் நடுவில் நீங்கள் இருங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

விசாரணை முடிந்து படி இறங்கும்போது, "என்ன சொன்னேன் மாமா? ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்று கேட்டீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு படியை மட்டும் எண்ணினேன். பதிலை இப்போது எழுதுகிறேன்.

மூன்று பேரில் நடுவில் இருந்த அம்மா, "எப்படி இருக்கீங்க?" என்றார். நீங்கள் விருட்டென்று எழுந்தீர்கள். நெஞ்சு நிமிர்ந்தது. கைகள் தொடையோடு ஒட்டின. எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாற்காலி கிரீச்சிட்டது. பார்த்தால், நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"நல்லா இல்லம்மா" என்றீர்கள்.

"எங்கேருந்து வேணாலும் ஆரம்பிங்க, அவசரமில்ல" என்றார் அவர். நீங்கள் குக்கரிலிருந்து ஆரம்பித்தீர்கள். எனக்கு எழுதியது அத்தனையும் சொன்னீர்கள். ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

முடிவு நம் வீட்டு முகவரிக்குத் தபாலில் வருமாம். தபால்காரர் தெருமுனையிலிருந்தே, "பெருசு, இன்னிக்கும் இல்ல, உள்ள போங்க" என்று கையசைக்கிறார். சாதகமாகத்தான் வரும் என்று உங்களுக்கு எழுதவே உட்கார்ந்தேன். கை ஓடவில்லை.

சனிக்கிழமை வாருங்கள். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். விசாரணையில் கேட்டதை மகளிடம் நான் சொல்லவில்லை, நீங்களே சொல்லுங்கள். குக்கரை அவள் யாருக்கோ கொடுத்துவிட்டாள். சுண்டெலி தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, "எங்கப்பாவ பின்னாடி நின்னு கூப்பிடக் கூடாது, முன்னாடி வந்து மெதுவா கூப்பிடணும்" என்று பாடம் நடத்துகிறாள். நான் ஸ்டாண்டில் நிற்பேன். உங்கள் பஸ்ஸின் பலகையை நானே படித்துக்கொள்வேன்.

முதல் வரியில் 'நான் சுகம்' என்று நான் எழுதவில்லை. டீச்சர் பார்த்தால் திட்டுவார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, மாப்பிள்ளை. வாருங்கள், வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பயப்படலாம்.

உங்கள் மாமா