டாக்டர் சொன்ன ஸாரி

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ போனை எடுப்பதே இல்லை. அண்ணிதான் எடுத்து, "வேலையா இருக்கார்மா" என்கிறாள். பின்னால் நீ இருமுவது எனக்குக் கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். வெந்நீராவது குடிக்கிறாயா?

அம்மா போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. அதற்குள் ஆஸ்பத்திரி மேல் ஏழு மனு கொடுத்திருக்கிறாயாம். லிஃப்ட் பழுது பார்க்கக் கூப்பிட்டால் போகாமல் புகார் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கிறாயாம். கம்பெனியில் இரண்டாவது முறையாக எச்சரித்துவிட்டார்கள் என்று அண்ணி அழுதாள். அன்றைக்கு அங்கே என்னதான் நடந்தது? கடல் தாண்டி இருக்கிற எனக்கு யாருமே முழுதாகச் சொல்லவில்லை.

உன் சுண்டு

மார்ச் 19

சுண்டு,

இருமல் பரவாயில்லை.

அம்மாவை ஐசியூவுக்கு மாற்றிய மூன்றாம் நாள், அவள் போன அன்றைக்கு, காலை பத்து மணி இருக்கும். அந்தச் சின்ன வயது டாக்டர் வெளியே வந்தார். நம் பாஷை தெரியாதவர். என் கையைப் பிடித்துக்கொண்டு "ஐயம் ஸாரி" என்றார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கண் கலங்கியிருந்தது.

எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் ஸாரி கூடவா தெரியாது? பஸ்ஸில் காலை மிதித்தவன் ஸாரி சொல்வான். மிதிக்காதவன் சொல்வானா? ஏதோ மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார். இப்போது கேட்டால், எல்லாம் சரியாகத்தான் செய்தோம் என்று காகிதத்தை நீட்டுகிறார்கள். இதோடு நகல் வைத்திருக்கிறேன், நீயே பார்.

அலுத்துவிட்டது சுண்டு. ஆனால் விட்டால் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அண்ணா

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணா,

டியூட்டி முடிந்து பஸ்ஸில் உன் கடிதத்தைப் படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன்.

நமக்கு ஸாரி என்றால் மன்னிப்பு, அவ்வளவுதான். அவர்கள் அதை இன்னொன்றுக்கும் சொல்வார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், "உங்க கஷ்டம் எனக்கும் வருத்தமா இருக்கு" என்பதற்கும் அதே வார்த்தைதான். நான் நர்ஸ் அண்ணா. வாரத்துக்கு ஒரு வீட்டாரிடமாவது அதைச் சொல்கிறேன். போன செவ்வாய் ஒரு பெரியவரின் மனைவியிடம் சொன்னேன். அவரை நான் ஒன்றும் கொன்றுவிடவில்லை.

காகிதங்களை எங்கள் வார்டு சிஸ்டரிடமும் காட்டினேன். மருந்தில் தப்பில்லை. அம்மாவின் நுரையீரல் தாங்கவில்லை. விட்டுவிடு அண்ணா. எல்லாவற்றையும் தனியாளாகப் பார்த்தாய். ஸாரி அண்ணா.

சுண்டு

ஏப்ரல் 21

சுண்டு,

எங்கள் தெரு இங்கிலீஷ் வாத்தியாரைக் கேட்டேன். "ஆமாங்க, ரெண்டுக்கும் அதேதான். சொல்ற ஆளையும் இடத்தையும் வெச்சுத்தான் எதுன்னு புரிஞ்சுக்கணும்" என்றார். ஆறுதல் சொன்ன மனுஷனோடு பதினைந்து மாதம் சண்டை போட்டிருக்கிறேன்.

சரி, உன்னை ஒன்று கேட்கிறேன். கடைசியில் ஸாரி அண்ணா என்று எழுதியிருக்கிறாயே, அது இதில் எது? படுத்திருந்த பதினோரு நாளும் அம்மா, "அவ வந்துட்டாளா?" என்றுதான் கேட்டாள். லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னாய். அதையே நானும் அம்மாவிடம் சொன்னேன்.

அண்ணா

மே 9

அண்ணா,

லீவு கிடைத்தது. மூன்றாம் நாளே கொடுத்துவிட்டார்கள். நான்தான் டிக்கெட் எடுக்கவில்லை.

ஆக்சிஜன் அளவை நீ போனில் படித்துக் காட்டியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, அம்மா பிழைக்கமாட்டாள் என்று. எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். சொந்த அம்மா என்றதும் கால் வரவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு படுத்துக்கிடந்தேன். அம்மா பிழைக்கமாட்டாள் என்று உனக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ அந்த டாக்டரைச் சந்தேகப்பட்டிருக்கமாட்டாய்.

நான் எழுதியது, மிதித்தவள் சொல்கிற ஸாரி. என்னை மன்னித்துவிடு.

சுண்டு

மே 30

சுண்டு,

மனுக்களை வாபஸ் வாங்கிவிட்டேன். அப்படியே அந்த டாக்டரையும் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார், பயத்தில்தான். வேறெதுவும் தெரியாமல் "ஸாரி டாக்டர்" என்றேன். உட்காரச் சொன்னார். வார்டில் இருந்தபோது அம்மா அவருக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். "சாப்டியா?" என்று என்னைக் கேட்டார். அங்கேயே அழுதுவிட்டேன்.

மன்னித்தேன் என்று எழுதத்தான் இரண்டு நாளாக உட்கார்ந்தேன். கை வரவில்லை. உனக்குப் பொய் எழுத மனசில்லை. கோபம் இருக்கிறது, அதைச் சுமந்துகொண்டு திரியத்தான் தெம்பில்லை.

லீவு கேட்டு வா. ஏர்போர்ட்டுக்கு வருகிறேன். பேசுவேனா என்று தெரியாது. பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன்.

அண்ணா