மஞ்சள் கோட்டுக்கு முன்னால் மூன்று சிலுவை

அன்பு மகள் வியோரிகாவுக்கு, அப்பா தொவாதெர் ஆசி கூறி எழுதச் சொல்வது. நானும் உன் பிள்ளை சிப்ரியானும் மாடும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்த இத்தாலிக்காரக் கிழவியம்மாவும் அப்படியே இருக்க வேண்டும்.

எழுதுகிறவன் பொட்டலம் கொண்டுவரும் வேன்காரன் கோஸ்தெல். எனக்கு எழுத்து தெரியாது, போனில் காதும் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போன் பிள்ளை கையில்தான் இருக்கும். இது அவனுக்குத் தெரியாமல் உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியது. அதனால் வேனின் மூக்கின்மேல் தாளை விரித்து எழுதுகிறான். "மாமா, மாட்டுக் கதையெல்லாம் ஆரம்பிச்சீங்கன்னா வேன் கிறிஸ்துமஸுக்குத்தான் இத்தாலி போய்ச் சேரும்" என்கிறான். அவனுக்கு எப்போதும் அவசரம்.

பையில் சுட்ட மிளகாய்த் தொக்கு வைத்திருக்கிறேன். நீல மூடி ஜாடி சரியாக மூடவில்லை, அதை முதலில் தீர்த்துவிடு.

போன ஞாயிறு பிள்ளை உன்னிடம், மழையாக இருக்கிறது, அதனால் பறக்கவில்லை என்று சொன்னான். பக்கத்தில்தான் இருந்தேன். இங்கே மழை பெய்யவில்லை வியோரிகா. பூமி காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. விமானப் பள்ளியில் அவனைப் பறக்கவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பயப்படாதே. அவன் மேல் ஒரு கீறல் இல்லை. யார் மேலும் இல்லை. இனி மீதியைக் கேள்.

அந்த ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்னால், அவன் தனியாகப் பறக்க வேண்டிய நாள். ஆசிரியர் மானெயா பக்கத்தில் இல்லாமல் முதல் தடவை. காலையில் ரொட்டியைத் தொடவில்லை. எனக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. விமானத் திடலின் வேலியோரத்து எலியா தீர்க்கதரிசி கோவிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். விமானங்கள் கொட்டகையிலிருந்து ஓடுபாதைக்குத் தரையில் உருண்டு போகும் வழி அந்தக் கோவிலை ஒட்டித்தானே போகிறது. கோவிலைத் தாண்டியதும் தரையில் மஞ்சள் கோடு. அங்கே நின்று, ரேடியோவில் கேட்டு, கண்ணாடிக் கூண்டில் இருக்கிறவர் வா என்று சொன்ன பிறகுதான் ஓடுபாதைக்குள் சக்கரம் வைக்கலாம். பிள்ளை அதை ராச் சாப்பாட்டில் கரண்டியை உருட்டிக் காட்டிக் காட்டி எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

வந்தான். மெதுவாகத்தான் வந்தான். கண்ணாடி வழியாக முகம் தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை, கோவிலைப் பார்த்தான். வேகத்துக்கான கைப்பிடியிலிருந்து வலது கையை எடுத்தான். நெற்றி, வயிறு, வலது தோள், இடது தோள். மறுபடியும். மறுபடியும். விமானம் நிற்கவில்லை, உருண்டுகொண்டே இருந்தது. மூன்றாவது சிலுவை போட்டு அவன் கண்ணைத் திருப்பும்போது மஞ்சள் கோடு பின்னால் போய்விட்டது, மூக்கு ஓடுபாதைக்குள் நின்றது.

அதே நேரம் இன்னொரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு பேர், இன்னொரு ஆசிரியரும் ஒரு மாணவியும். அவளுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பாள்.

நான் கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வேலிக்கம்பியைப் பிடித்து உலுக்கினேன். வேறு என்ன செய்ய முடியும். வந்த விமானம் தரையைத் தொடப்போய், உறுமிக்கொண்டு மறுபடி மேலே ஏறியது. பிள்ளையின் தலைக்கு மேலேயே போனது. கோவில் கதவு அதிர்ந்தது. நான் ஏற்றிய மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது.

மானெயா மறுநாள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். பிள்ளை ரேடியோவில், கோட்டுக்கு முன்னால் நிற்கிறேன் என்று தன் வாயால் திருப்பிச் சொல்லியிருக்கிறான், அப்படிச் சொல்லிவிட்டுத்தான் தாண்டியிருக்கிறான் என்றார். வருகிற புதன்கிழமை பள்ளியில் மூன்று பேர் உட்கார்ந்து இவனை விசாரிப்பார்களாம். ஏன் தாண்டினாய் என்று பிள்ளையிடம் கேட்டார். இவன் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு, "தெரியல சார். கோட்டைப் பாக்கல, அவ்வளவுதான்" என்றான்.

"கோட்டைப் பாக்கலன்னா எதைப் பாத்தே? ஏதோ ஒண்ணைப் பாத்திருப்பேல்ல? அதைச் சொல்லு. காரணம் இருந்தா திருத்தலாம், உனக்காக நான் பேசுவேன். காரணமே தெரியாதவனை எந்த தைரியத்துல மறுபடி தனியா அனுப்பறது?"

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பிள்ளை தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தான். உன் கண் அவனுக்கு. வாயை மூடிக்கொண்டேன். மானெயா காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அவனிடம் கேட்டேன், அவர் பக்கத்தில் இருந்த நாளிலெல்லாம் சிலுவை போட்டாயா என்று. அப்போதெல்லாம் மனதுக்குள்ளேயே போட்டுக்கொள்வானாம். அன்றைக்குத்தான் பக்கத்தில் யாரும் இல்லையே, கை தானாக எழுந்துவிட்டது என்றான். பிறகு சொன்னான்: "தாத்தா, யார்கிட்டயும் சொல்லாத. செபம் பண்ணப் போய் ஓடுபாதைக்குள்ள பூந்தவன்னு சாகற வரைக்கும் சிரிப்பாங்க. அதுகூடப் பரவால்ல. அம்மாகிட்ட மட்டும் வேணாம். அவ சொன்னதாலதான்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா."

அவன் எதைச் சொல்கிறான் என்று உனக்குத் தெரியும். நீ புறப்பட்ட நாள் பஸ் அந்தக் கோவில் முன்னால்தான் நின்றது. உன் அண்ணியின் குளிர்கோட்டைப் போட்டிருந்தாய், கை நீளமாக இருந்தது, மடித்து மடித்து விட்டாய். பிள்ளை கையில் பிளம் ஜாம் வைத்த பன். அவன் முன்னால் குனிந்து, "எந்தக் கோவிலைத் தாண்டினாலும் மூணு தடவை சிலுவை போடுடா கண்ணு. நீ போடறப்ப நான் அங்க உன்னைத்தான் நினைச்சுட்டு இருப்பேன்" என்று சொன்னாய். அவன் உடனே போட்டான், ஜாம் கையாலேயே. நெற்றியில் ஜாம் ஒட்டிக்கொண்டது. நீ சிரித்தாய். பஸ் ஏறின பிறகுதான் அழுதாய், முதுகு குலுங்கினது தெரிந்தது. அன்றைக்கு வேலிக்கு அந்தப்பக்கம் மக்காச்சோளம்தான் நின்றது. அந்த இடத்தில் விமானம் உருளும் என்று யார் கண்டார்கள்.

அன்றிலிருந்து அவன் ஒரு கோவிலையும் விட்டதில்லை. பஸ்ஸில், சைக்கிளில், பள்ளிப் பையன்கள் கேலி செய்தபோதும். மற்றவர்களுக்கு அது சாமி. அவனுக்கு அது உனக்குப் போடுகிற போன் மாதிரி.

கோஸ்தெல் எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்துகிறான். தூசியாம். நானும் வேன் ஓட்டிக்கொண்டே சிலுவை போடுகிறவன்தான் மாமா, இனிமேல் இல்லை என்கிறான். பார்ப்போம்.

உன்மேல் குற்றம் இல்லை வியோரிகா. இதைக் கோஸ்தெலை இரண்டு தடவை எழுதச் சொன்னேன். உன்மேல் குற்றம் இல்லை. பிள்ளை செய்தது சின்னத் தவறு என்றும் நான் சொல்லமாட்டேன். அந்த விமானம் எழும்பாமல் போயிருந்தால் என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. ஆனால் அவன் புதன்கிழமையும் தெரியாது என்றுதான் சொல்வான். அவனைப் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்கள். நான் அவனுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், மானெயாவிடம் வாய் திறக்க முடியாது. உன்னிடமும் கூடாதுதான். அதை மீறிவிட்டேன், வேறு வழி தெரியவில்லை. நான் சொன்னால் அவன் கேட்கமாட்டான். அந்த வார்த்தை நீ கொடுத்தது, நீதான் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும்.

வேன் எல்லையில் மாட்டாமல் வந்தால் இது ஞாயிற்றுக்குள் உன் கையில் இருக்கும். மாட்டினால் என்ன செய்வது, எனக்குத் தெரியவில்லை. வந்துவிட்டால் அவனைக் கூப்பிடு. நான் எழுதினதைச் சொல்லாதே, அழாதே. மழையைப் பற்றிக் கேட்காதே. தொக்கு நன்றாக இருந்தது என்று ஆரம்பி. பேச்சோடு பேச்சாக, சக்கரம் உருளும்போது கை வண்டியில் இருக்கட்டும் கண்ணு, உனக்கும் சேர்த்து அம்மா இங்கே சிலுவை போட்டுவிடுகிறேன் என்று சொல். உன் வாயால் அது வந்தால், ஒருவேளை அவன் அந்த மூன்று பேர் முன்னால் உண்மையைச் சொல்வான். சொல்லாமலும் போகலாம்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக, அவனை மேலேயும் கீழேயும் காப்பாராக.

கையெழுத்து இடத்தில் நான் வழக்கமாகப் போடுவது சிலுவைக் குறிதான். கோஸ்தெல் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு அவசரப்படுத்தினான். அணைக்கச் சொன்னேன். அணைத்த பிறகுதான் போட்டேன்.

✝