லீலா சொல்லாத வெள்ளிக்கிழமை

ஜூலை 7, திங்கள்

சுங்கை செம்பிலாங்கிலிருந்து நெத்திலிக் கருவாடு வந்தது. பாதி ஈரம். லோரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். லீலா இருந்திருந்தால் மூட்டையை வெளியே தொட்டே சொல்லியிருப்பாள். அவள் இன்றும் கடைக்கு வரவில்லை. போன வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து செம்பனைத் தோட்டத்துச் சாலையில் நடந்து வந்தபோது, மோட்டாரில் வந்த இரண்டு பேர் அவள் தாலிச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து வீட்டுக் கதவைத் தாண்டவில்லை.

வருகிறவர்கள் எல்லாரும் அதையே கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன். பாராங் கத்தியைக் காட்டி ஒருவன் இழுத்தான், இவள் விடவில்லை, பிடித்துத் தொங்கினாள், கடைசியில்தான் அறுந்தது. பக்கத்துச் சாப்பாட்டுக்கடை ரஹ்மத் பாய், "அக்காவுக்கு ரொம்பத் தைரியம் லா" என்றார். பெருமையாகத்தான் இருந்தது.

அன்று இரவே போலீஸிலும் நான்தான் சொன்னேன். அவளுக்குப் பேச்சு வரவில்லை. அறுத்தானா, நீ விடாமல் இழுத்தாயா என்று கேட்டேன். தலையாட்டினாள். கையெழுத்தும் போட்டாள்.

ஜூலை 8

சாம்பாரில் உப்பே இல்லை. சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

ஆடி பிறக்கும் முன்னால் மஞ்சள் கயிறாவது கட்டிவிட வேண்டும் என்று தாயம்மா அக்கா ஒற்றைக்காலில் நின்றது. என் கூடப்பிறந்ததாயிற்றே, பிடிவாதம் சும்மாவா? லீலாவைப் பேசிப் பேசிக் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். ஐயர் கயிற்றை என் கையில் கொடுத்தார். நான் நெருங்கினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தனை பேருக்கு முன்னால்.

"என்னம்மா, புருசன் மேல கோவமா?" என்று அக்கா கேட்டது. கயிற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சங்கிலி போன அன்றைக்கு நான் கூடப் போகவில்லை, அந்தக் கோபமா? கணக்கு முடித்துவிட்டு வருகிறேன் என்றேன், அதுவா? தோட்டத்து லயத்திலிருந்து கைப்பெட்டியோடு வந்து கடை போட்டவன் நான். எதிரில் நிற்கிறவன் என்ன நினைக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். வீட்டில் இருக்கிற முகம் புரியவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஒரு பெண் போலீஸ் சார்ஜன் வீட்டுக்கு வந்தாள். பெயர் அன்பரசி, கெர்லிங் தோட்டத்துப் பிள்ளை. சீருடையில் வரவில்லை. லீலாவின் கழுத்தை ஒரு முறை பார்த்தாள், அவ்வளவுதான். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். பாதியில் கையைக் காட்டினாள்.

"அங்கிள், நீங்க அங்க இருந்தீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப பாய் கடையில ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க."

என் வீட்டிலிருந்து என்னையே! எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என்னம்மா சொன்னாள் என்று வாசலில் வைத்துக் கேட்டேன்.

"இதுவரைக்கும் உங்க வாயில இருந்த கதைதான் எங்ககிட்ட இருக்கு, அங்கிள். அவங்களா சொல்லுவாங்க. அதுவரைக்கும் நீங்க சொல்லாதீங்க. கடையிலயும்தான்."

ஜூலை 16

ஒருவர் கேட்டார். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுப் பருப்பு விலையைப் பேசினேன். இத்தனை வருஷ வியாபாரத்தில் இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

லீலா கடைக்கு வந்தாள். அவளாகவே. முறத்தை எடுத்துப் போட்டு நெத்திலிக்குத் தலை கிள்ள உட்கார்ந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து கிள்ளினேன். நான் கிள்ளினால் பாதி மீன் போய்விடும். முறம் பாதி நிறைந்ததும் தலை நிமிராமல் சொன்னாள்.

"அறுக்கலைங்க. நான்தான் கழட்டிக் கொடுத்தேன்."

நான் கையை நிறுத்திவிட்டேன்.

"கழட்டுன்னான். என் கை தானா பின்னால போயி கொக்கிய எடுத்துருச்சு. கடையில மீதிச் சில்லறை குடுப்பேன்ல, அந்த மாதிரி மடிச்சு அவன் கையில வச்சேன். நீங்க உசிரோட இருக்கும்போது, என் கையாலயே. ஊரு பூரா நான் சண்ட போட்டேன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் நான் எந்த வாயால சொல்றது?"

அந்தப் பாராங்குக்கு முன்னால் இவள் ஒற்றையாக நின்றிருக்கிறாள். நான் இங்கே உட்கார்ந்து அவளை வீராங்கனை ஆக்கி விற்றுக்கொண்டிருந்தேன்.

"நல்ல காரியம் செஞ்ச புள்ள," என்றேன். "இல்லாட்டி இன்னைக்கு எனக்கு எதிர்ல யாரு இருப்பா? என்னையும் பாரு, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். கொழுப்பு ஒண்ணுதான் கூட இருக்கு."

சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, திரும்பவும் சிரிப்பானது. சிலர் கத்துவார்கள், சிலர் ஓடுவார்கள், சிலருக்குக் கை தானாகவே அவன் சொன்னதைச் செய்துவிடும், அது சம்மதமும் இல்லை கோழைத்தனமும் இல்லை என்று அந்த அன்பரசிப் பிள்ளை சொன்னதாம். அதைக் கேட்ட பிறகுதான் உப்புப் புளி நாக்கில் தெரிந்தது என்றாள்.

கயிறு கல்லாப்பெட்டியில் இருந்தது. கட்டட்டுமா என்று கேட்டேன். அன்று கேட்கவில்லையே. கழுத்தைக் காட்டினாள். கையெல்லாம் மீன் வாடை. இரண்டாவது முடிச்சு நழுவியது. "கல்யாணத்தன்னைக்கும் இதே லட்சணம்தான். உங்க அக்கா போட்ட முடிச்சுதான் நின்னுச்சு," என்றாள்.

ஆடியில் கட்டியதற்கு அக்கா போனில் ஒரு பாட்டம் பாடியது. பாடட்டும்.

ஜூலை 22

லீலா போலீஸில் வாக்குமூலத்தைத் திருத்திக் கொடுத்தாள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன்.

செப்டம்பர் 13, சனி

சங்கிலி கிடைக்கவில்லை. கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அன்பரசி போன் பண்ணியிருந்தாள், என்னை இல்லை, லீலாவை. சுங்கை பெசாரில் ஒரு பெண், வீடு புகுந்து கட்டிப்போட்டுத் திருடியிருக்கிறார்கள். யாரிடமும் பேச மாட்டேன் என்கிறாளாம். ஆண்ட்டி, சும்மா வந்து கூட உட்காருங்களேன் என்றாளாம். கடையை ரஹ்மத் பாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கூட்டிப் போனேன்.

லீலா உள்ளே போனாள். நான் காரிலேயே இருந்தேன். அந்தப் பெண்ணின் புருசன் வெளியே வந்தார். நல்ல மனுசன், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஜன்னல் பக்கம் குனிந்து, "எப்படி நடந்துச்சுன்னா அண்ணே..." என்று ஆரம்பித்தார்.

கதவைத் திறந்து பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.

"தம்பி, முதல்ல அவங்க சொல்லட்டும்."

வயலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். உள்ளேயிருந்து லீலாவின் குரல் கேட்டது. அப்புறம் அது நின்றது. பிறகு வேறொரு குரல், மெதுவாக.