எஸ்தரின் வெறுங்கால்

12-12-1981, சனி. ஜவ்வாது மலை.

பழைய ரேடியோவைப் பிரித்து நான் முதன்முதலாகச் செய்த கிடார் ஆம்ப்ளிஃபயர் இன்று மாலை பாடிவிட்டது. வீட்டுக்குள்ளேயே ரப்பர் செருப்போடு திரிய வைக்கும் குளிர். அந்தச் செருப்போடுதான் என் மனைவி எஸ்தர் வாசித்தாள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு கால் கழுவிவிட்டு வெறுங்காலோடு வந்து கிடார் கம்பியைத் தொட்டாள். "ஐயோ!" என்று கையை உதறினாள்.

டெஸ்டரைக் கம்பியில் வைத்தேன். அதன் விளக்கு எரிந்தது, கம்பியில் கரண்ட். இரண்டு முள் பிளக்கைப் பக்கம் மாற்றிச் சொருகினேன், அணைந்தது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

"அதான் சரியாயிடுச்சே, இன்னாத்துக்கு மூஞ்ச இப்படி வெச்சினு இருக்கீங்க?" என்றாள். நாளை ஆராதனையில் வாசிப்பதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

"செருப்பு போட்டுக்கினு வாசி" என்றேன்.

சிரித்தாள். "ஆலயத்துக்குள்ள யாருங்க செருப்போட நிப்பாங்க?"

சனிக்கிழமை மாலை ஆலயத் தரையைக் கழுவி விடுவார்கள். இந்தக் குளிரில் காலைக்குள் ஈரம் காயாது. அங்கே பிளக்கை யார் எந்தப் பக்கமாகச் சொருகுவார்களோ.

தூக்கத்திலும் அவள் விரல்கள் போர்வையின் மேல் வாசிக்கின்றன. சற்று முன் எழுந்து போய்ப் பிளக்கை வெட்டி எடுத்து, என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அப்படியும் கண் மூட முடியவில்லை. பிளக் இல்லாவிட்டால் வயரின் முனைகளைத் தீக்குச்சி வைத்துச் சாக்கெட்டில் சொருக அவளுக்குத் தெரியும். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.