ஏழு மாடிக்கு அப்பா போட்ட கையெழுத்து

செப். 18, வியாழன்

காலையிலேயே புழுக்கம். மனு எழுத வேண்டிய நேரத்தில் இதை எழுதுகிறேன். மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன்? பி.காம். நோட்டின் பின்பக்கங்கள், யார் பார்க்கப்போகிறார்கள். தெருவில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்தி, அதனால் மனு என் தலையில். பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதச் சொன்னால் எழுதுவேன்.

மனுவில் வர வேண்டியவை:
– ஏழு மாடி. அவர்கள் தோண்டிய குழிக்கும் எங்கள் பின்சுவருக்கும் நான்கு அடி.
– ஐந்து வீட்டில் விரிசல். எங்கள் வீட்டில் அலமாரிக்குப் பின்னால், பென்சில் நுழைகிறது.
– குழியில் ஊறுவதை மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். தெரு அடிபம்பில் காற்றுதான்.
– மலை தெரியாது. (அடித்துவிட்டேன். மலைக்காக யார் மனு வாங்குவார்கள்.)

கல்வராயன் மலை தெரிந்த பக்கம் இப்போது நீலத் தகரம். அதன்மேல் விளம்பரம்: ‘பால்கனியில் நின்றால் மலை!’ எங்களிடம் பிடுங்கியதை எங்கள் கண்ணெதிரே விற்கிறார்கள்.

சோப்பு வாங்கணும். ஜெராக்ஸ் 3.

செப். 20, சனி

கையெழுத்து வாங்க மேரி அக்காவோடு வீடு வீடாக. எதிர்வீடு, அங்கன்வாடியில் வேலை. அவர் பேசுவார், நான் பேனா நீட்டுவேன்.

சின்னப்பொண்ணு அத்தை மாவு பிசைந்த கையோடு வந்தார். “எத்தினி வாட்டிடி கையெழுத்து? பூஜை அன்னிக்கே ஒண்ணு வாங்கினாங்களே.”

“அது தூக்கு குடுத்ததுக்கு அத்தை.”

“தூக்கு நல்லாத்தான் கீது. மூடிதான் நிக்கமாட்டேங்குது.”

போன மாதம் ஆவணியில் பூமி பூஜை. தெரு முழுக்க அழைத்தார்கள். பூஜைக்குக் கூப்பிட்டால் போகாமல் இருப்பதா? போனோம். சர்க்கரைப் பொங்கல், வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு. என் கையெழுத்து முத்து மாதிரி என்று கட்டட மேனேஜர் தாள் செருகிய அட்டையை என்னிடம் கொடுத்தார். வாங்கியவர்கள் பெயரை வரிசையாக எழுதினேன். எதிரே கையெழுத்தோ ரேகையோ.

முதல் பெயர் அப்பா. ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர், அதுவரை ரேகைதான். பரீட்சை முடிந்த லீவில், கிழித்த காலண்டர் தாளில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ‘ஏழுமலை’யில் ‘ழு’ மட்டும் ஒவ்வொரு தடவையும் சாயும். அன்றைக்கு மேனேஜர் மை டப்பாவைத் திறக்க, அப்பா தள்ளிவிட்டார். “மை வாணாம் சார். பேனா குடுங்க.”

அடுத்த பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதிவிட்டேன். சந்தோஷத்தில்.

செப். 22, திங்கள்

கலெக்டர் ஆபீஸ். குறைதீர்க்கும் நாள். அப்பாவும் அத்தையும் சேர்த்து ஒன்பது பேர் போனோம். டோக்கன், பெஞ்ச், இரண்டு மணி நேரம். அதிகாரி மனுவைப் படித்தார். ஒரு ஃபைலைப் பிரித்து எங்கள் பக்கம் திருப்பினார்.

“சம்மதமும் நீங்களே குடுப்பீங்க, மனுவும் நீங்களே குடுப்பீங்களா?”

மேலே டைப் அடித்த நான்கு வரி. அருகில் வசிக்கும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று. கீழே என் முத்துகள். ஒன்று, ஏழுமலை. சாய்ந்த ‘ழு’.

அன்றைக்கு அட்டையின் மேல்பாதியில் பூஜை அழைப்பிதழைக் கிளிப்பில் செருகியிருந்தார்கள். பிள்ளையார் படம். அதன் ஓரத்தில் டைப் எழுத்து எட்டிப்பார்த்தது. பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். நாலு பேர் முன்னால் பிள்ளையாரைத் தூக்கிப் பார்க்கக் கூச்சம். அவ்வளவுதான்.

“யார் எழுதினது இது?” என்றார் அதிகாரி. மேரி அக்கா என்னைப் பார்த்து, உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

தெரியாமல் போட்டது என்றால் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கணுமாம். வியாழன் வரைக்கும் டைம். அதே கையெழுத்து, ரேகை வைத்தவர்களுக்கு அதே ரேகை. மாறினால் செல்லாது.

திரும்பும் பஸ்ஸில் சின்னப்பொண்ணு அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி: “எங்க அண்ணனுக்கு எழுத சொல்லிக்குடுத்துக்கினு இருந்தியே, படிக்க எப்ப சொல்லிக்குடுக்கப்போற?” சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

செப். 23, செவ்வாய்

தூறல். வாசலில் நான்கு தூக்கு. கழுவி, கவிழ்த்து வைத்தவை. ஐந்தாவதோடு அத்தை.

“இந்தா காலேஜு, உன் தூக்கு. நீயே வெச்சிக்கோ.”

நான் ஏமாந்தவள் என்று இவர்களுக்குத் தெரியும். இவர்களும் பொங்கல் தின்றவர்கள். ஆனாலும் திட்ட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. மேனேஜர் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்.

மத்தியானம் முழுக்க இருபத்து மூன்று தாள் எழுதினேன். மேரி அக்கா ஒவ்வொருவருக்கும் இரண்டு தடவை சத்தமாக வாசித்த பிறகே போட்டார்கள். பெயர்களை எழுதியவள் என்று நானும் ஒரு தாள் வைத்தேன். அதில், எல்லோருக்கும் எழுதிய வரிகளுக்குக் கீழே: ‘அழைப்பிதழைத் தூக்கிப் பார்க்காதது என் தவறு.’

அப்பாவிடம் அக்காதான் நீட்டினார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “எனக்கு ரேகையே போதும்மா. கையெழுத்தெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்.”

“ரேகை செல்லாது அண்ணே. முன்ன போட்டதுதான் வேணும்.”

“செல்லலன்னா வுட்டுடு. நான் போட்டதுலதான் வூடு வெடிச்சிக்கினு கெடக்குதே.”

அக்கா தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

செப். 24, புதன்

விரிசலில் இப்போது சுண்டுவிரல். அலமாரியை நகர்த்தினேன், ஜன்னல் வரைக்கும் ஓடியிருக்கிறது. குழிக்கு மிக அருகில் எங்கள் வீடு. எங்கள் தாள் இல்லாமல் மற்றதை எல்லாம் கொடுத்து என்ன பயன்?

மில்லில் இருந்து வரும்போது அப்பா சட்டைப்பையில் என்னவோ. சாமி படத்துக்குக் கீழே வைத்தார். புது மை டப்பா. சொந்தக் காசில். நான் பட்டம் வாங்கிய போட்டோ அங்கேதான் மாட்டியிருக்கிறது.

சாப்பிட்டோம். புளிக்குழம்பு. தாளைப் பற்றிய பேச்சு மூன்று தடவை வாய் வரை வந்தது.

நாளை பத்து மணிக்குக் கொடுக்கணும். வாயால் கேட்க வேண்டியதை முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அப்பா, அந்த மையைத் திறக்காதீங்க. தாள்ல மேலே இருக்கிறதை ஒரு வரி விடாம நான் வாசிக்கிறேன், கேளுங்க. கேட்டுட்டு, இன்னொரு தடவ உங்க பேரை எழுதுங்கப்பா. ‘ழு’ சாயட்டும்.